கெபியில் இளைஞனை இறக்காதீர்கள்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதாகமப் படம் வரையத் தொடங்கியிருப்பவர்கள் சிலர் தங்கள் படங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்த்தால், அந்தக் காலத்தில் நான் அடித்த அதே கூத்து. இயேசுவுக்கு நீலக்கண் வேண்டாம், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று வசனம் இல்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விட்டுவிடுகிறேன்.

தானியேலின் வயது

சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குழியில், போடப்பட்ட தீர்க்கதரிசி தானியேல். போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த படத்தில் அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. சுற்றிலும் சிங்கங்கள், மேலே குழிவாயில் நரைத்த தாடியோடு, அவரை அங்கே போடக் கட்டளையிட்ட தரியு ராஜா. எனக்கு வயிறு எரிந்தது. இதே படத்தை எட்டடித் துணியில் வரைந்து அவமானப்பட்டவன் நான்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தது. சிங்கத்தின் பிடரிக்கு மட்டும் இரண்டு நாள். மேடையில் மாட்டிய அன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் யார் மூத்தவர்?" என்றார்.

"ராஜாதான் ஐயா."

"தானியேல் புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசியுங்கள்." அவ்வளவுதான், போய்விட்டார்.

வாசித்தேன். ஆட்சி கைக்கு வரும்போது தரியுவுக்கு 62 வயது. தானியேல் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனது யூதாவின் ராஜா யோயாக்கீமின் மூன்றாம் வருஷம், ஏறக்குறைய கி.மு. 605. பாபிலோன் விழுந்து ஆட்சி தரியுவின் கைக்கு வந்தது கி.மு. 539. பதினைந்து வயதில் பிடிபட்டிருந்தாலும் கெபியில் இறங்கும்போது எண்பதைத் தாண்டிய கிழவர். ராஜாவுக்கே அப்பா வயது!

கோளாறு முதல் அதிகாரத்தில் தொடங்குகிறது. அங்கே அவர் மாசற்ற, அழகான வாலிபர். அந்த முகத்தையே ஆறாம் அதிகாரம்வரை சுமந்துகொண்டு வந்துவிடுகிறோம். பேர்பெற்ற ஓவியர் ரூபென்ஸ்கூட இளைஞனாகத்தான் வரைந்தார். அவர் ரூபென்ஸ், தப்பித்துக்கொண்டார்.

தாடியை மட்டும் நரைக்கவைத்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முகம் கிழமானது, தோளும் தொடையும் இருபதிலேயே நின்றன. கடைசியில் துணி முழுவதற்கும் வெள்ளை அடித்தேன். பெயின்ட் காசு என் கையிலிருந்து. இரண்டாம் முறை முகத்தில் தொடங்கவில்லை. தினமும் மூன்று வேளை தரையில் ஊன்றித் தேய்ந்த முழங்கால்களைத்தான் முதலில் வரைந்தேன்.

சிம்சோன்

பயில்வானாக்காதீர்கள். அவன் பலம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, எதிரிகளான பெலிஸ்தர் அவன் காதலி தெலீலாளுக்குப் பணம் பேசினார்கள். புஜத்தைப் பார்த்தாலே தெரியுமென்றால் அந்தச் செலவு எதற்கு?

எலிசா

இந்தத் தீர்க்கதரிசிக்குத் தலை வழுக்கை. வேதமே சொல்கிறது.

அப்சலோம்

தாவீது ராஜாவின் மகன். போரில் சவாரி போகும்போது கர்வாலி மரத்தில் மாட்டியது அவன் தலை என்பதுதான் வசனம். முடி என்று இல்லை. வெட்டி நிறுத்தால் 200 சேக்கல் எடை வரும் முடியாயிற்றே என்று நம் தூரிகை தானாகவே அதைக் கிளையில் சுற்றிவிடுகிறது. அவனை விட்டுவிட்டு ஓடியதும் குதிரை அல்ல, கோவேறு கழுதை.

லேயாள்

யாக்கோபின் மனைவியான இவளுக்குத் தமிழ் வேதாகமத்தில் 'கூச்சப்பார்வை' என்று இருப்பதைப் படித்துவிட்டு மாறுகண் போடுகிறார்கள். எபிரேயச் சொல்லுக்கு மென்மை, இளமை என்ற பொருளும் உண்டு. அது குறையா அழகா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. நான் முக்காட்டின் நிழலை அவள் கண்மேல் விழவிட்டுவிடுவேன்.