நடுநிலைப் பள்ளியில் சருகு உரத்தொட்டி அமைக்கும் முறை

பள்ளி வளாகத்தில் கூட்டிக் குவிக்கும் சருகுகளை எரித்துப் புகையாக்காமல் உரமாக்கும் பணியை, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். நிழலும் வடிகாலும் உள்ள இடத்தில், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 1 மீட்டர் உள்ள கம்பிவலைத் தொட்டி போதும். மிகச் சிறிய குவியலில் வெப்பம் தங்காது.

அடியில் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் சருகு மூன்று பங்கு, காய்கறித் தோல், பச்சைப் புல் போன்றவை ஒரு பங்கு என மாறி மாறி அடுக்க வேண்டும். இறைச்சி, எண்ணெய், பால் பொருள்கள் சேரக் கூடாது.

ஈரத்தைக் கணிப்பதுதான் மாணவர்கள் நன்கு பழக வேண்டிய திறன். கையுறை அணிந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்கவும், உதிர்ந்தால் நீர் தெளிக்கவும். அழுகல் நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகவில்லை என்று பொருள்; உடனே கிளறிவிட வேண்டும்.

நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகி, அளவை நாள்தோறும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நன்கு மட்கும் குவியல் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பம் இறங்கும்போது கிளறினால் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை மாணவர்களே வரைபடமாக வரைந்து பார்ப்பது, சிதைவைப் பற்றிப் பாடநூலில் படிப்பதைவிட ஆழமாக மனத்தில் பதியும் என்பது என் உறுதியான கருத்து.

சில மாதங்களில் கரிய நிறமும் மண்வாசனையும் கொண்டு பொலபொலவென்று மாறிய உரத்தைச் சலித்து, மரக்கன்றுகளைச் சுற்றி இடலாம். நீண்ட விடுமுறையில் தொட்டியைக் கவனிப்பவர் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும்.