வலைச்சிறகு வண்டில் புதுச் சிற்றினமா? நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்

கையில் இருக்கும் வண்டு ஆரஞ்சு நிறம், சிறகின் கடைசிப் பகுதி மட்டும் கறுப்பு. அந்தப் பேரினத்தின் பட்டியலில் இப்படி ஒரு நிறம் இல்லை. சரி, புதுச் சிற்றினம்தான் என்று உடனே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். வலைச்சிறகு வண்டுகளின் குடும்பமான லைசிடேயில் பெரும்பாலான தவறுகள் பிறப்பது இந்த இடத்தில்தான்.

இந்த வண்டுகளின் நிறம் நமக்காக ஏற்பட்டதல்ல, பறவைகளுக்காக ஏற்பட்டது. உடம்பில் கசப்பு வேதிப்பொருள்கள், கூடவே பைரசின் என்ற வேதிப்பொருள் வகையின் நெடி. ஒருமுறை வாயில் வைத்த பறவை மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிவிடும். அதனால் ஒரு காட்டில் வாழும் பல சிற்றினங்கள், வேறு வேறு பேரினங்களைச் சேர்ந்தவைகூட, ஒரே நிற வேடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இதற்கு நேர்மாறாக, ஒரே சிற்றினம் இடத்துக்கு இடம் வேறு வேடம் போடுவதும் உண்டு. நியூகினி மலைகளில் உள்ள எனிக்லேசஸ் பேரினத்தில் ஒரு சிற்றினத்துக்குள்ளேயே பல நிற வடிவங்கள் இருக்கின்றன. நிறத்தை மட்டும் பார்ப்பவர் பலவற்றை ஒன்றாக்கிவிடுவார், இல்லையென்றால் ஒன்றைப் பலவாக்கிவிடுவார்.

ஒரே புதரில் பிடித்த, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் நான்கு பூச்சிகளை நுண்ணோக்கிக்குக் கீழே வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவதன் முன்மார்புத் தகட்டில் மேடுகள் ஓடி அதை ஏழு அறைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு சிறகிலும் ஒன்பது நீள வரப்புகள். இது காட்டிரஸ் பேரினத்தின் பக்கம் போகிறது. இரண்டாவதிலும் ஏழு அறைகள்தான், ஆனால் நீள வரப்புகள் நான்கே நான்கு, சைலோபேனஸ் பேரினமாக இருக்கலாம். (இந்த எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வரப்புகள் குறைவது பரிணாமத்தின் தனித்தனிக் கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது.) மூன்றாவதன் முன்மார்பில் அறைகளே இல்லை. பிளாடெரோஸ் பேரினம் போல இருக்கிறது. நான்காவதன் பாதத்தைப் பார்த்தால் கணுக்கள் நான்கு போலத் தெரிகின்றன, தாடையும் வலுவானது. அது லைசிடேயே அல்ல, நீள்கொம்பு வண்டு. வேடம் போட்டு வந்திருக்கிறது. வட அமெரிக்காவின் எலிட்ரோலெப்டஸ் என்ற நீள்கொம்பு வண்டு இன்னும் ஒரு படி மேலே போய், தான் யாரைப் போல வேடம் போடுகிறதோ அவர்களையே பிடித்துத் தின்னும்.

குடும்பத்தையே மாற்றிச் சொல்லிவிடும் தவறு இப்படித்தான் நேர்கிறது. சிறகில் வலைப்பின்னல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. கலோக்ரோமஸ், லிகிஸ்டாப்டெரஸ் போன்ற பேரினங்களில் வலைப்பின்னல் சரியாக இருக்காது, ஆனாலும் அவை லைசிடேதான். நடுக்கால்கள் உடலோடு சேரும் அடிக்கணுக்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றனவா என்று பாருங்கள். மின்மினிக் குடும்பத்திலிருந்தும் சிப்பாய் வண்டுகளிலிருந்தும் பிரித்தறிய இது கைகொடுக்கும்.

சிற்றினத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பு. பிளாடெரோஸ் போன்ற பெரிய பேரினங்களில் அதைப் பார்க்காமல் எழுதிய விவரிப்பு பின்னால் வருபவருக்குத் தலைவலிதான். ஆனால் அதை எடுக்கும் விதத்திலும் தவறுகள் நடக்கின்றன. காய்ந்த வண்டை ஊறவைக்காமல் வயிற்றைப் பிரித்தால் உடைந்துபோகும். இது மென்மையான உடம்பு. வயிற்றின் நுனியைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துத் தசையைக் கரைக்க வேண்டும். அப்புறம் டீ குடிக்கப் போய் மறந்துவிட்டால் உறுப்பு கண்ணாடி போல வெளுத்து, சவ்வுகள் ஊதி, உண்மையான வடிவமே தெரியாமல் போகும். எடுத்ததை நீரில் அலசி கிளிசரினில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும் படம் எடுங்கள். ஒரே கோணத்துப் படத்தை வைத்து "நுனி வளைந்தது" என்று எழுதிய வேறுபாடு, மாதிரி சற்றுச் சாய்ந்து கிடந்ததால் வந்ததாக இருக்கலாம். ஒரே ஒரு ஆணை மட்டும் பார்த்து நுனியின் நூலிழை வித்தியாசத்தைப் பெரிதாக்குவதும் அதே வகைதான்.

பெண்ணை வைத்துப் புதுச் சிற்றினம் விவரிப்பதை நான் கூடியவரை வேண்டாம் என்பேன். பல சிற்றினங்களில் ஆணின் உணர்கொம்பு சீப்புப் போலக் கிளைவிட்டிருக்கும், பெண்ணுடையது வெறும் ரம்பப்பல். ஆணின் கண்ணும் பெரிது. இரண்டையும் இரண்டு சிற்றினமாக்கிப் பெயர் வைப்பது எளிது. பிளாடெரோட்ரிலஸ் பேரினத்தில் கதை இன்னும் விசித்திரம். பெண் கடைசிவரை புழு வடிவத்திலேயே இருக்கும், சிறகே கிடையாது. ஆணோ பக்கத்தில் வைத்தால் பொடிசான, சாதாரண வண்டு. 'டிரைலோபைட் புழு' என்று நெடுநாள் புதிராக இருந்த இதற்கு ஆண் எது என்று, போர்னியோவில் வேலை பார்த்த எரிக் மியோபெர்க் 1925இல் எழுதிய பிறகுதான் தெளிவு வந்தது.

அடுத்தது பழைய பெயர்கள். பிரெஞ்சுக்காரரான மோரிஸ் பிக் (1866–1957) இந்தக் குடும்பத்திலும் ஏராளமான பெயர்கள் வைத்தவர். அவருடைய விவரிப்புகள் பல ஓரிரு வரிதான், அதுவும் பெரும்பாலும் நிறம். அதைப் படித்துவிட்டு "என்னுடையது வேறு" என்று சொல்ல முடியாது, "அதேதான்" என்றும் சொல்ல முடியாது. எந்த வண்டை வைத்து அவர் பெயரிட்டாரோ அந்த மூல மாதிரியைப் போய்ப் பார்க்க வேண்டும், குறைந்தபட்சம் அதன் உறுப்பின் படமாவது வேண்டும். சோம்பல்பட்டு இதைத் தாண்டிப்போனால், ஏற்கெனவே பெயருள்ள வண்டுக்கு இன்னொரு பெயர் வைத்த பெருமைதான் மிஞ்சும்.

எழுதும்போது விவரிப்பும் வேறுபாடும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். "உடல் நடுத்தரம், கண் ஓரளவு பெரிது" என்று இரண்டு பக்கம் எழுதினாலும், மிக நெருங்கிய சிற்றினத்திலிருந்து எதில் மாறுகிறது என்று சொல்லாவிட்டால் பயனில்லை. 'ஓரளவு' என்பதற்குப் பதில் கண்ணின் விட்டத்தையும் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து விகிதமாகக் கொடுங்கள். மதுசாரத்தில் கிடந்த மாதிரியின் சிவப்பு மங்கிவிடும், காய்ந்த உடல் சுருங்கிவிடும். இவற்றையும் வேறுபாடாக எழுதியவர்கள் உண்டு.

டிஎன்ஏ இருக்கிறதே என்பீர்கள். சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டான பார்கோடு நல்ல துணைதான், தீர்ப்பு அல்ல. அது தாய்வழியில் மட்டும் வருவது. சிறகில்லாத பெண்கள் உள்ள பேரினங்களில் அடுத்தடுத்த மலைகளில்கூட அது கணிசமாக வேறுபடலாம். "இத்தனை சதவீதம் தாண்டினால் புதிது" என்று கோடு போடாதீர்கள்.

பெயரிடும் சட்டத்தில் சறுக்குபவர்களும் இருக்கிறார்கள். 2000 முதல் ஹோலோடைப் எனப்படும் முதன்மை மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். 2011க்குப் பிறகு மின்னிதழில் மட்டும் வெளியானால், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபேங்கில் பதிந்ததற்கான சான்றும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் செல்லாது. உரிச்சொல்லைப் பெயராக வைத்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு (ஆண்பால், பெண்பால் போன்றவை) அது ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக, எடுத்த உறுப்பை வைத்த அந்தச் சின்னக் கிளிசரின் குப்பி. அதை அந்த வண்டின் ஊசியிலேயே கீழே குத்தி வையுங்கள், தனிப் பெட்டியில் போடாதீர்கள். லேபிளில் இடத்தின் பெயரோடு உயரத்தையும் ஆயத்தொலைவுகளையும் எழுதுங்கள். அதிக தூரம் பறக்காத வண்டு இது. மலையின் பெயரை மட்டும் எழுதினால் அடிவாரத்தில் பிடித்ததா உச்சியில் பிடித்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.