நெபுலா பார்க்கப் போகும்போது பார்லோ வேண்டாம்

தை அமாவாசை இரவு, எங்கள் தண்டையார்பேட்டைப் பையன்கள் மூன்று பேருடன் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவன் டெலஸ்கோப்பில் பார்லோவை, அதாவது உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸை, மாட்டினான். “பெருசா தெரியட்டும்ணே” என்றான். பல வருஷம் முன்னால் இதே மலையில் நானும் இதையேதான் செய்தேன். போகஸ் சரியில்லை, ஸ்டாண்டு ஆடுகிறது என்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இந்தத் தவறு அப்படியில்லை. இதையும், கூடவே இன்னும் மூன்று தவறுகளையும் சொல்கிறேன்.

அதிக உருப்பெருக்கம்

மொட்டைமாடியில் சனி, வியாழன் பார்த்தே பழகியதால் வருகிற பழக்கம் இது. கோளுக்கு வெளிச்சம் அதிகம், தாங்கும். நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகம்; அதன் ஒளியோ ஏற்கெனவே மெல்லியது. உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கினால் அதே ஒளி நாலு மடங்கு பரப்பில் பரவி, கால்வாசியாக மங்கிவிடும்.

பல வருஷம் முன்னால் அன்று நான் தேடியது ரோஸெட் நெபுலா. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி தள்ளி இருக்கும். 130 மி.மீ. நியூட்டோனியன் (குழியாடி வைத்த டெலஸ்கோப்), 650 மி.மீ. குவியத் தூரம், 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), அதோடு இரண்டு மடங்கு பார்லோ. மொத்தம் 130 மடங்கு. அதில் அரை டிகிரி வானம்கூடத் தெரியாது. நெபுலாவின் அகலமோ முழுநிலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதன் நடுவிலேயே டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அதைத் தேடினேன். நாலைந்து நட்சத்திரம்தான் தெரிந்தது. அப்புறம் மேகம் மூடிவிட்டது. மறுபடி மலையேற ஒரு வருஷம் ஆனது. நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

25 மி.மீ. ஐபீஸ் போடுங்கள். 26 மடங்கு, இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான வானம், 130 மடங்கில் பார்த்ததைவிடப் பரப்பில் 25 மடங்கு பிரகாசம். யு.எச்.சி. பில்டரும் (நெபுலாவின் ஒளியை விட்டு மற்ற வெளிச்சத்தைத் தடுப்பது) இருந்தால், நடுவிலுள்ள நட்சத்திரக் கொத்தைச் சுற்றி, கரும்பலகையில் அழித்த சாக்பீஸின் மிச்சம் போல ஒரு வளையம் தெரியும். நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வையுங்கள். டியூபை லேசாகத் தட்டுங்கள், அசையும்போது விளிம்பு புலப்படும். அந்தப் பையனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

எம்57 போன்ற குட்டி நெபுலாக்கள் மட்டும் விலக்கு. 100 மடங்கு தாராளமாகத் தாங்கும்.

செல்போன்

அரை மணி நேரம் இருட்டில் பழகிய கண் ஒரே மெசேஜில் போச்சு.

மொட்டைமாடியில் பில்டர்

பில்டர் நெபுலாவை வெளிச்சமாக்காது, பின்னணியைத்தான் இருட்டாக்கும். மணலி வெளிச்சத்துக்கு அது போதாது.

பழவேற்காட்டில் தெற்கே பார்ப்பது

பக்கம்தான், ஆனால் தெற்கே எண்ணூரும் சென்னையும் விடிய விடிய ஒளிர்கின்றன. தனுசு ராசியின் லகூன் நெபுலா அந்த வெளிச்சத்துக்குள் போய்விடும். அதற்கு மலைக்குப் போங்கள். பழவேற்காட்டில், தலைக்கு மேலே வந்து கொஞ்சம் வடக்கே சாயும் எம்27 நெபுலாவைப் பாருங்கள்.