மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு: வயதான பெற்றோரை அழைத்துச் சென்று நகரம் காட்டும் செய்முறை

டெல்டாவில் பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகள் நிறைய உண்டு. அந்தப் பிள்ளை விடுப்பில் வந்து போவது வழக்கம். பெற்றோர் அங்கே போய்ப் பார்ப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது. அப்பா, அம்மா, பெரியம்மா, என் மகள் ஆகியோரைத் தம்பி வீட்டுக்கு அழைத்துச் சென்று திரும்பிய பிறகு, உறவினர்கள் ஒவ்வொருவரும் ஒரே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டதால் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் எடுப்பது, டிக்கெட் போடுவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. அவற்றைச் செய்துதர ஊருக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது.

படி 1: பருவம் பார்த்தல்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பம்தான். எனவே நாள் குறிக்க வேண்டியது அங்குள்ள பருவத்தைப் பார்த்து அல்ல, நம் வயலைப் பார்த்து. சம்பா அறுவடை முடிந்து நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வந்த பிறகு, ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவை வேலை தொடங்குவதற்கு முன், மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை கிடைக்கும் இடைவெளிதான் விவசாயக் குடும்பத்துக்குப் பொருத்தமானது. அறுவடை நடக்கும்போது அழைத்துப் போனால், அப்பா உடலால் மட்டுமே சிங்கப்பூரில் இருப்பார். சீனப் புத்தாண்டு நாட்களில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் அவற்றையும் தவிர்ப்பது நல்லது.

படி 2: பெயரும் படிவங்களும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விண்ணப்பிக்கலாம். விசா கிடைத்த பிறகு, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் சில இதற்குப் பணம் கேட்கும். கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொண்டு வெளியேறிவிடுங்கள். குடிநுழைவு ஆணையமான ஐ.சி.ஏ.வின் தளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சிக்கல் தருவது பெயர்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும். பெரியம்மாவின் பாஸ்போர்ட்டிலோ அந்தக் கட்டமே காலியாக இருக்கும். விசா, டிக்கெட், அரைவல் கார்டு ஆகிய மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆதாரைத் தொடவே வேண்டாம். குடும்பப் பெயர் இல்லாமல் டிக்கெட் போட விமான நிறுவனத்தின் தளம் மறுத்தால், ஒற்றைப் பெயருக்கு அந்த நிறுவனம் சொல்லும் முறையை அதன் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டு நிரப்புங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும். நுழைவு அனுமதி இப்போது முத்திரையாகக் குத்தப்படுவதில்லை, அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஆகவே பிரவுசிங் சென்டர்க்காரரின் முகவரியைக் கொடுக்காமல், உடன் வருபவரின் முகவரியையோ அங்கிருக்கும் பிள்ளையின் முகவரியையோ கொடுங்கள்.

படி 3: பெட்டி

எதை எடுத்துப் போகலாம் என்பதைவிட எதை எடுக்கக் கூடாது என்பதே முக்கியம். வெற்றிலை பாக்குப் போடும் பெரியவரின் பையில் புகையிலை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம். சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை ஒரு பாக்கெட்டுக்குக்கூட இல்லை. தினசரி மருந்துகளை மூன்று மாதத்துக்கு மிகாமல், மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் முன்கூட்டியே அனுமதி தேவைப்படலாம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், இன்சுலின் போடுபவர்கள் வேளையை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சார்ஜருக்குச் சதுர முனை கொண்ட மூன்று பின் அடாப்டர் வாங்கிவிடுங்கள். வடாமும் ஊறுகாயும் உங்கள் விருப்பம். முருங்கைக்கீரை, வாழைப்பூ, வெற்றிலை எல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியிலேயே கிடைக்கின்றன.

படி 4: நகரத்துக்குள் நகர்தல்

மற்ற படிகளில் விவரம் தெரிந்தால் போதும். இதில் பயிற்சி வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஒருவருக்கு ஒரு கார்டு என்பது விதி. ஒரே கார்டை இரண்டு முறை தட்டி இருவர் நுழைய முடியாது. நம் வங்கிக் கார்டுகளிலும், தட்டிச் செலுத்தும் வசதி இருந்தால், விசா கார்டும் மாஸ்டர்கார்டும் அங்கே வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் வங்கிச் செயலியில் அணைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அவற்றை ஊரிலேயே இயக்கிவிட வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். என் பரிந்துரை: பெரியவர்களுக்கு நிலையத்திலேயே ஆளுக்கொரு ஈசி-லிங்க் என்ற பயணக் கார்டு வாங்கி, நூல் கோத்த அட்டைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பேருந்து போய்ச் சேரும் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடித்துவிடும்.

கார்டு பழகிவிடும். எங்களை உண்மையில் நிறுத்திவைத்தது எஸ்கலேட்டர். அங்கே அது நம் ஊர் ஜவுளிக்கடைகளில் இருப்பதைவிட வேகமாகவும் நீளமாகவும் இருக்கிறது. முதல் நாள் காலை, லிட்டில் இந்தியா நிலையத்தில் அம்மா புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி மேல்படியிலேயே நின்றுவிட்டார்; பின்னால் வேலைக்குப் போகிற கூட்டம். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, ஆனாலும் அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு அன்று முழுவதும் ரயிலே வேண்டாம் என்றார். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எஸ்கலேட்டர் உள்ள பெரிய கடைக்கு அழைத்துப் போய், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும், நான்கைந்து முறை ஏற்றி இறக்கிப் பழக்குங்கள். அப்போதும் பயம் போகவில்லை என்றால், அங்கே எல்லா எம்.ஆர்.டி. நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது; ஆனால் அது எஸ்கலேட்டரை விட்டுத் தள்ளி இருக்கலாம், வெளியேறும் வாசலும் வேறாக அமையலாம். ஆகவே கூகுள் மேப்ஸில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டே வழி தேடுங்கள். பயண நேரம் கொஞ்சம் கூடினாலும் படிக்கட்டு குறுக்கே வராது. இதற்காகப் பல செயலிகளை நிறுவிப் பார்க்கும் வேலை அவசியமற்றது என்பது என் கருத்து.

அடுத்தது பிரிந்துபோவது. நடைமேடைக் கதவுகள் நமக்காகக் காத்திருக்காமல் மூடிவிடும். இதற்கு வீட்டிலேயே ஒரு விதியைச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்து, மனத்தில் பதியவைக்க வேண்டும்: நடைமேடையில் தங்கிவிட்டவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, ரயிலில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், தேடிப் போவது உடன் வந்த இளையவரின் பொறுப்பு. இருவரும் தேடக் கிளம்பினால் இருவரும் தொலைவார்கள்.

இதோடு, தங்கும் வீட்டின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் பெரிதாக எழுதி எல்லோர் பையிலும் வையுங்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் குறியீடு உண்டு. அதை டாக்சி ஓட்டுநரிடம் காட்டினாலே நேராக அந்த பிளாக்கின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு என்பதைப் பெரியம்மா கடைசிவரை நம்பவில்லை. அது 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை போகும். மாத்திரை போட வேண்டிய வேளை வந்தால் ரயிலை விட்டு இறங்கி, நிலையத்துக்கு வெளியே வந்து போடச் செய்யுங்கள்.

படி 5: எதைக் காட்டுவது

ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். நடுப்பகலில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்க வேண்டும். சூரியன் அங்கே காலை ஏழு மணிவாக்கில் உதித்து மாலை ஏழு மணிவாக்கில் மறைவதால், மாலைப் பொழுது நீளமாகக் கிடைக்கும். கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கொடுக்கும் டிக்கெட் காசு, வரிசையில் நிற்க முடியாத வயதில் வீண் என்று நினைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதல் காலைக்கு தெலுக் ஆயர் தெருவைச் சொல்வேன். அங்கே நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாக, தமிழகக் கடற்கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. கந்தூரிக்கு ஆண்டுதோறும் நாகூர் போய்வரும் பெரியம்மாவுக்கு, சிங்கப்பூரில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. கடலை நிலமாக்கும் முன் அந்தத் தெருவே கரையோரமாக இருந்தது என்று சொல்லிக் காட்டினால், கப்பலில் வந்தவர்கள் அதை அங்கே கட்டியதன் காரணம் தானாகப் புரியும். அதே தெருவில், கடலோடிகளைக் காக்கும் மாசூ தெய்வத்துக்குச் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கிறது. அங்கிருந்து மெல்ல நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரும். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோயில் இது. தொடக்கத்தில் வழிபட்டவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

இடையில் ஒரு செய்தி: விமானப் பயணம் பரவலாவதற்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பல் ஓடியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனால், தெலுக் ஆயரில் நீங்கள் பேசவே வேண்டாம், அவர்களே பேசுவார்கள்.

விவசாயக் குடும்பத்துக்கு ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் மெரினா அணைக்கட்டுக்குப் போங்கள். சுற்றுலாப் பட்டியல்களில் இது கடைசியில்தான் இருக்கும். 350 மீட்டர் அகலக் கால்வாய்க்குக் குறுக்கே 2008இல் திறக்கப்பட்ட இந்தத் தடுப்பணை, நகரத்தில் பெய்யும் மழைநீரைத் தேக்கி வைத்துக் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் இதற்குத்தான் வந்து சேர்கிறது. கனமழையின்போது கடல் வற்றமாக இருந்தால் ஒன்பது மதகுகளையும் தாழ்த்தி நீரை வெளியேற்றுவார்கள். கடல் பெருக்கில் இருந்தால் மதகைத் திறக்க முடியாதல்லவா, அப்போது ஏழு ராட்சத பம்புகள் இறைத்துத் தள்ளும். கல்லணையையும் கடைமடை ஷட்டர்களையும் பார்த்து வளர்ந்தவருக்கு, வேதாரண்யம் பக்கம் உப்புநீர் ஏறி நிலம் கெடுவதை அறிந்தவருக்கு, இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். அப்பா மதகுகளை எண்ணி முடித்துவிட்டு, “ஆயக்கட்டு எவ்வளவு?” என்று கேட்டார். பாசனமே இல்லை, எல்லாம் குடிநீருக்கு என்றதும் அவருக்கு வந்த சந்தேகங்களுக்குத் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. கீழே கண்காட்சிக் கூடத்தில் இருந்த மாதிரிப் படங்கள்தான் உதவின. அணைக்கட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மெரினா பே நிலையத்திலிருந்து 400ஆம் எண் பேருந்து போகிறது.

அங்கிருந்து கார்டன்ஸ் பை த பே பூங்கா பக்கத்தில்தான். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், செயலியில் கூப்பிடும் கிராப் வண்டி பிடியுங்கள். செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும் இலவசமாக நடக்கும். கட்டணம் கட்டிக் குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள் போவதானால் சால்வை அவசியம்.

சாப்பாட்டுக்கு, நம் ஊர் உணவகங்கள் உள்ள சிராங்கூன் சாலை இருப்பதால் கவலை இல்லை. உணவங்காடிகளில் தட்டை நாமே எடுத்துப் போய்த் திரும்ப வைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் “தே ஓ கொசோங்” என்று கேட்டால், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும். கும்பகோணம் டிகிரி காபியை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை

பேரக்குழந்தையோடு போன பாபநாசம் வாசகர் ஒருவர், கிராப் ஓட்டுநர் ஏற்றிக்கொள்ள மறுத்ததாக எழுதியிருந்தார். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பது அங்கே சட்டம். மீட்டர் டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. குழந்தை இருந்தால் டாக்சியையே கூப்பிடுங்கள். ஐந்து பேர் என்றால் நான்கு இருக்கை வண்டியில் நெருக்கி உட்காரவும் விடமாட்டார்கள். ஆறு இருக்கை வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் தானியங்கி நுழைவாயிலும் ஆறு வயது நிரம்பாதவர்களுக்கு இல்லை. அதிகாரி இருக்கும் கவுன்ட்டருக்குப் போங்கள். பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே கேட்டுவிட வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி நகை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான் திரும்பி வரும்போது நகைக்குத் தீர்வைச் சலுகை. ஒரு மாதம் போய்வரும் பெற்றோருக்கு அது கிடையாது. இங்கிருந்து அதிக நகை அணிந்து போவதானால், புறப்படும்போதே திருச்சி விமான நிலையச் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விமானத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாகப் போய், நகைக்கான ரசீதுகளையும் கையில் வைத்திருங்கள். அல்லது அம்மாவிடம் சொல்லி, தாலிக்கொடியையும் தோட்டையும் தவிர மற்றவற்றை லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.