கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தில் எல்லாரையும் சேர்ப்பது எப்படி? டெல்டாவில் வேலை செய்பவர்களுக்கு

கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற பெயரை நாகப்பட்டினம் துறைமுகத்தில் கேட்டால் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் 2011-இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தொடங்கி, அப்புறம் மொரீஷியஸும் வங்கதேசமும் சேர்ந்துகொண்ட அந்த அமைப்பு பேசுவதெல்லாம் நம் கரையின் விஷயம்தான்: கடல் பாதுகாப்பு, ஆள்கடத்தல், பேரிடர் உதவி. இந்தப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2000-ஆம் ஆண்டிலேயே 1325-ஆவது தீர்மானத்தில் சொல்லிவிட்டது. அதற்கான தேசியச் செயல்திட்டத்தை வங்கதேசம் 2019-இல் வெளியிட்டது, இந்தியாவில் இன்னும் அப்படி ஒன்று இல்லை. அதனால் ஊரில் பேரிடர், கடல் பாதுகாப்புப் பயிற்சியும் ஒத்திகையும் நடத்துகிற நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஊரை நடந்து பாருங்கள். மீனவர் கிராமம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தார் (தேர்தலில் வரும் ஊராட்சி மன்றம் அல்ல, மீனவர்களின் வழிவழியான ஊர்ச் சபை) சம்மதம் இல்லாமல் கூட்டம் நடக்காது, அவர்கள் எல்லாருமே ஆண்கள். அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மரியாதையாக, ஆனால் "பெண்களையும் தனியாகச் சந்திக்கப் போகிறோம்" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு அந்த ஊரை ஒட்டியிருக்கும் காலனித் தெரு, உப்பள வேலைக்குப் போகிறவர்கள், முகத்துவாரத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள், வாடகை வீட்டில் இருக்கும் திருநங்கைகள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சுய உதவிக் குழுத் தலைவியிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் எல்லாக் கூட்டத்துக்கும் அதே நாலு பேர்தான் வருவார்கள். ஊராட்சி மன்றத் தலைவர் பெண்ணாக இருந்தால் அவருடைய எண்ணுக்கே அழையுங்கள், கணவர் எடுத்தால் "அம்மாவிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். மீன் விற்கும் பெண்கள் விடியும் முன்னே ஏலத்துக்கு வந்துவிடுவார்கள், கூடையை ஏற்றிக்கொண்டு திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் போய் விற்றுவிட்டுத் திரும்புவதற்குள் பகல் போய்விடும். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் வர முடியாது, வராததை அக்கறையின்மை என்று அறிக்கையில் எழுதுவது பெரிய அநியாயம். நடவு, அறுவடைக் காலத்தில் வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே நிலைமைதான். எந்த நேரம் தோது என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொன்னால் அந்தக் கூலியைத் திட்டச் செலவில் சேருங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாராவது கேட்டால் 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைவுபடுத்துங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பல கிராமங்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் இறந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அலை பெரிதாகத் தெரியவில்லை, கரையில் படகு வரக் காத்திருந்த பெண்களை அடித்துக்கொண்டு போனது. நீச்சல் தெரியாது, கையில் பிள்ளை, காலைச் சுற்றிக்கொண்ட சேலை. அப்புறம் நிவாரணம் வந்தபோது படகும் வலையும் இழந்தவர்களுக்குக் காட்டக் கணக்கு இருந்தது. கூடையும் கைமுதலும் இழந்த மீன்காரம்மாவுக்கும், உப்புநீர் ஏறிய வயலில் கூலி வேலை போன தலித் குடும்பத்துக்கும் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அதனால் பயிற்சியில் நீச்சலும் உயிர்க்கவச உடை போடுவதும் பெண்களுக்கும் இருக்கட்டும், இழப்புப் பதிவுப் படிவத்தில் கூடை, தராசு, ஐஸ் பெட்டி, கூலி நாள் எல்லாவற்றுக்கும் கட்டம் போடுங்கள்.

புயல் பாதுகாப்பு மையத்தை நேரில் போய்ப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியது நடுராத்திரிக்கு மேல். அந்த இருட்டில் ஒரு பெண் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தள்ளிப் பாருங்கள். வழியில் விளக்கு, கரண்ட் போனால் ஜெனரேட்டர், சக்கர நாற்காலி ஏற சாய்தளம், நாப்கின், பால் கொடுக்க ஒரு மறைப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: அந்தக் கட்டிடம் யார் தெருவில் இருக்கிறது, அதன் சாவி யார் வீட்டில் இருக்கிறது? காலனிக்காரர்கள் தயங்காமல் உள்ளே வந்து உட்கார முடியுமா என்பது அதில்தான் தெரியும். சாவியை இரண்டு தெருவிலும் ஒவ்வொன்று வைக்கச் சொல்லுங்கள், ஒன்று ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும்.

சாகர் கவாச் போன்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது கரையில் புது முகம் வந்தால் முதலில் கவனிப்பது பெரும்பாலும் மீன் காய வைக்கும் பெண்கள்தான், ஏனென்றால் பகல் முழுக்க அங்கே இருப்பவர்கள் அவர்கள். ஆகவே தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைப் படகுக்காரர்களோடு அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆள்கடத்தல் பற்றிப் பேசும்போது மில் வேலைக்கு முன்பணம் கொடுத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போகும் ஏஜென்ட்டுகளைப் பற்றியும் பேசுங்கள், பெண்கள் உதவிக்கான 181, குழந்தைகள் உதவிக்கான 1098 எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

எல்லைப் பிரச்சினைக்கு வருவோம். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக் கோட்டைத் தாண்டியதாகப் படகு பிடிபட்டால் கலெக்டர் ஆபீஸுக்கு மனு எடுத்துக்கொண்டு ஓடுவது மனைவியும் அம்மாவும். வட்டி கட்டுவதும் அவர்கள்தான். எதிர்க்கரையான இலங்கையில் 2009-இல் முடிந்த போருக்குப் பிறகு பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம், நம் படகு பட்டு அங்கே வலை அறுந்தால் நஷ்டம் அவர்களுக்கும்தான். இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தைக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது நம் கரைப் பெண்களின் பெயரையும் சேர்க்கச் சொல்லி மீன்வளத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் காணாமல் போனவரின் மனைவிக்கு இன்னொரு சிக்கல்: இறந்ததாகச் சட்டம் கருத ஏழு வருடம் ஆகும். அந்த இடைக்காலத்தில் அவர் எந்தப் பட்டியலிலும் விழாமல் போய்விடுவார். உங்கள் பட்டியலில் அவருக்குத் தனி வரி இருக்கட்டும்.

கடைசியாக அறிக்கை. "40 பெண்கள் கலந்துகொண்டனர்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். யார் பேசினார்கள், என்ன கேட்டார்கள், அதனால் எந்த முடிவு மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று எழுதுங்கள். கூட்டத்தில் பேசாமல் வாசலில் நின்றவரிடம் மறுநாள் வீட்டில் போய்க் கேட்டு அதையும் சேருங்கள், பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல். மேலே அனுப்பும் முன் அதே தெருவில் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் "நான் அப்படிச் சொல்லல" என்றால் அங்கேயே திருத்திவிட்டு அனுப்புங்கள்.