துளைக் கான்கிரீட்டும் ஜியோலைட்டும்: அழுக்கு மழைநீரை வடிகட்டிப் பார்ப்போம்

மழை தொடங்கிய முதல் பத்து நிமிடம் சாலையோரம் ஓடுகிற தண்ணீரைக் கவனித்திருப்பீர்கள். கன்னங்கரேலென்று இருக்கும். டயர் தேய்மானத்தில் வந்த துத்தநாகம், பிரேக்கில் தேய்ந்த செம்பு, எண்ணெய், மண் எல்லாம் அதில் இருக்கும். மணல் சேர்க்காமல் போட்ட துளைக் கான்கிரீட் வழியாக அந்தத் தண்ணீர் இறங்கினால் மண் மேலேயே தங்கிவிடும். சிமெண்டின் காரத்தன்மையில் உலோகங்கள் படியும். ஜியோலைட் என்ற கனிமத்தூள், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியம் என்ற நைட்ரஜன் மாசையும் பிடித்துக்கொள்ளும். ஒரு குழாய் அளவில் செய்து பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

தேவையானவை: 10 செ.மீ. உள்விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பிவிசி குழாய், ஒரே அளவான 10 மி.மீ. ஜல்லி 2.4 கிலோ, சிமெண்ட் 540 கிராம், ஜியோலைட் தூள் 60 கிராம், தண்ணீர் சுமார் 180 மி.லி., ரப்பர் கையுறை. தூளை அள்ளிப்போட ஆசை வரும், வேண்டாம். துளை அடைபட்டால் எந்தக் கனிமமும் உதவாது.

கலவை: ஜல்லியைக் கழுவி, ஈரம் காயும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டையும் ஜியோலைட்டையும் உலர்வாகவே கலந்து ஜல்லியில் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஜியோலைட் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் ஒன்றிரண்டு கரண்டி கூடுதலாகத் தேவைப்படலாம்.

இந்தக் கட்டத்தில் அவசரமே கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. விரலிடுக்கில் குழம்பு வழிந்தால் அதிகம். அந்தக் குழம்பு அடியில் இறங்கி துளைகளை அடைத்துவிடும். உருண்டை நிற்க வேண்டும், ஒவ்வொரு கல்லும் மெல்லிய பூச்சோடு மினுங்க வேண்டும். அதுதான் பதம்.

நிரப்புதல்: குழாயை பிளாஸ்டிக் தாள் மேல் நிறுத்தி, மூன்று அடுக்காக 20 செ.மீ. உயரம் வரை நிரப்புங்கள். குச்சியால் லேசாகத் தட்டினால் போதும். உடனே பிளாஸ்டிக்கால் மூடி 7 நாள் விடுங்கள். தண்ணீர் குறைவான கலவை என்பதால் திறந்து வைத்தால் சீக்கிரம் காய்ந்து பலமிழக்கும்.

துளை அளவு: அடிப்பக்கத்தைத் தண்ணீர் கசியாமல் கட்டி, கான்கிரீட்டின் மேல்மட்டம் வரை அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 240 முதல் 390 மி.லி. வரை பிடித்தால் 15 முதல் 25 சதவீதம் துளை இருக்கிறது. நல்ல அளவு.

கழுவுதல்: புதுக் கான்கிரீட்டிலிருந்து வரும் தண்ணீரில் காரம் மிக அதிகம். காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 9-க்கு மேல் இருந்தால் அம்மோனியம் அம்மோனியாவாக மாறத் தொடங்கும், ஜியோலைட்டால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் பிஎச் தாளில் 8.5-க்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். நாள் பிடிக்கும், பொறுமையாகச் செய்யுங்கள்.

அப்புறம் தெருத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஊற்றியதையும் வடிந்ததையும் இரண்டு கண்ணாடித் தம்ளரில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீன்தொட்டிக்கு விற்கிற அம்மோனியா சோதனைக் கிட் இருந்தால் இரண்டையும் அதில் சோதியுங்கள். உலோகத்தின் அளவு கண்ணுக்குத் தெரியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். வடிந்த தண்ணீரைக் குடிக்கவே கூடாது.

வடிவது குறைந்தால் மேல்பரப்பில் மண் அடைத்திருக்கிறது. குழாயைத் தலைகீழாகப் பிடித்து வேகமாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.