எதிரி வந்தால் முரசு போதுமா? கேம் இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழலுக்கேற்ப மாறும் இசை வீடியோ கேம்களுக்குப் புதிதல்ல. 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் பின்னணியில் ஒலித்தவை வெறும் நான்கு சுரங்கள்தாம். ஆட்டம் நெருக்கடியாக ஆக ஆக அவை வேகமெடுத்தன. ஆடுபவரின் நெஞ்சும் கூடவே படபடத்தது. 1991இல் வெளியான ‘மங்கி ஐலண்ட் 2’ இன்னும் ஒரு படி மேலே போனது. இசையமைப்பாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய, ஆட்டத்துக்கேற்ப இசையை மாற்றும் ‘ஐமியூஸ்’ முறை முதன்முதலாகப் பயன்பட்டது அதில்தான். பழைய கப்பல்களையே வீடுகளாகக் கொண்ட ஊர் ஒன்று அதில் வரும். ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் ஊரின் மெட்டு அறுபடாமல் அந்த இடத்துக்கான சாயலை எடுத்துக்கொள்ளும். வெளியே வந்தால், பிசிறில்லாமல் பழைய மெட்டோடு போய்ச் சேரும்.

இன்று எஃப்மாட், வைஸ் போன்ற கேம் ஒலி மென்பொருள்களின் துணையால் இந்த வசதி சிறு குழுக்களுக்கும் எட்டிவிட்டது. ஆனாலும் பல கேம்களின் இசை, ஆடி முடித்த கையோடு மறந்துபோகிறது. குறை கருவியில் இல்லை. இசை எதைக் கவனித்து மாற வேண்டும் என்ற கேள்விக்கு, ‘அருகில் எதிரி இருக்கிறானா’ என்ற ஒற்றை விடையோடு நின்றுவிடுகிறார்கள். கதைக்குள் என்ன நடக்கிறது என்பதை இசை கவனிப்பதே இல்லை. கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதாம்.

முதலில் கண்ணில் படுவது, சுவிட்சு போட்டு அணைப்பது போன்ற சண்டை இசை. காவலன் ஒருவனின் பார்வை எல்லை பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர் புதர் மறைவில் ஒன்பதரை மீட்டருக்கு வந்ததும் முரசு அதிர்கிறது. ஒரு மீட்டர் பின்வாங்கினால் நின்றுவிடுகிறது. மறுபடி எட்டிப் பார்த்தால் மறுபடி முரசு. மூன்றாவது முறை அவர் காதில் அபாயம் விழுவதில்லை. நிரலில் யாரோ எழுதிவைத்த நிபந்தனைதான் விழுகிறது. தீர்வு எளிது. பதற்றம் தொடங்குவதற்கு ஓர் எல்லை, தணிவதற்கு வேறோர் எல்லை என்று வைக்க வேண்டும். பத்து மீட்டரில் தொடங்கிய இசை, பதினைந்து மீட்டரைத் தாண்டிச் சில வினாடிகள் கழிந்த பிறகே அடங்கட்டும்.

இதே முறையில் இன்னொரு கேடும் உண்டு. பதுங்கியிருப்பவன் பாய்வதற்கு முன்பே முரசு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். முரசு நின்றால் எல்லோரும் மாண்டுவிட்டார்கள் என்பதையும் ஆடுபவர் சீக்கிரமே கற்றுக்கொள்வார். அதன்பின் இருட்டு வராந்தாவில் அவருக்கு என்ன பயம்? இசை முன்கூட்டியே தகவல் சொல்வது எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ விளையாட்டில் எந்த வகைச் சிறப்பு எதிரி அருகில் இருக்கிறான் என்பதைச் சிறு இசைத் துணுக்குகள் சொல்லிவிடும். அது தெரிந்தே கொடுக்கும் தகவல். அதை வைத்துத்தான் அந்த ஆட்டத்தையே ஆட வேண்டும். தெரியாமல் கசிவதுதான் பிழை.

மாற்றம் எந்த நொடியில் நிகழ்கிறது என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். இசை இடறாமல் மாற வேண்டுமென்றால் தாளச் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு 2 வினாடி ஆகும். 60 அடி வேகத்தில் 4 வினாடி. திரையில் வாள் இறங்கி 4 வினாடி கழித்து இசை அதிர்ந்தால் எப்படி இருக்கும்? ஆகவே அந்தக் கணத்திலேயே விழும் ஒரு குறுகிய இசை அதிர்வைத் தயாராக வைத்திருப்பார்கள். அது ஒலித்து அடங்குவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். பெரிய மாற்றம் அதில் நிகழும். இதைச் செய்யாமல் ஒன்றை மங்கவிட்டு இன்னொன்றை எழுப்பினால், ஸ்ருதி ஒவ்வாத இரண்டு இசைகள் நடுவழியில் மோதிக்கொள்ளும். 2010இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ இதற்காகவே தன் இசையின் பெரும்பகுதியை ஏ மைனர் ஸ்ருதியில், 130 அடி வேகத்தில் பதிவுசெய்தது. ஒன்றன் மேல் ஒன்றாக ஒலிக்கும் தனித்தனி இசை அடுக்குகளில் எதை எதன் மேல் வைத்தாலும் பொருந்தியது.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய இழப்பு மௌனத்துக்கு அஞ்சுவதால் வருகிறது. ஒரு கணம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று எல்லா இடத்தையும் இசையால் நிரப்பிவிடுகிறார்கள். 2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ விளையாட்டைப் பாருங்கள். பரந்த வெளியில் குதிரையில் போகும்போது குளம்பொலியும் காற்றும் மட்டுமே கேட்கும். ராட்சத உருவத்தை எதிர்கொள்ளும்போதுதான் கோ ஓட்டானியின் இசை எழுகிறது. ஆடுபவர் அதன் மேல் தொற்றி ஏறி ஆட்டத்தைத் தன் வசப்படுத்தும்போது அது வீர இசையாக மாறுகிறது. கடைசிக் குத்தில் ராட்சதன் சரிகிறான். வேறெந்த கேமாக இருந்தாலும் இங்கே வெற்றி முழக்கம் கேட்டிருக்கும். இங்கே ஒலிப்பதோ ஓர் இரங்கல் இசை. நாம் செய்தது சரிதானா என்ற கேள்வியை ஒரு வசனமும் இல்லாமல் அது கேட்டுவிடுகிறது. எதிரி செத்தான் என்பது கணினிக்கு ஓர் எண். அந்தச் சாவுக்குக் கதையில் என்ன பொருள் என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுதான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் நினைவில் நிற்கிறது.

திரும்பத் திரும்ப ஒலிப்பதன் சலிப்பையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒன்றரை நிமிட மெட்டு, புதிர் ஒன்றில் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டவருக்கு 40 முறை கேட்கும். எவ்வளவு இனிய மெட்டும் அங்கே தண்டனையாகிவிடும். அடுக்குகளை வெவ்வேறு நீளத்தில் அமைப்பது ஒரு வழி. ஒன்று 7 சுற்று, மற்றொன்று 11 சுற்று என்றால், இரண்டும் ஒன்றாகத் தொடங்கும் இடம் மறுபடி வர 77 சுற்று ஆகும். சில சுற்றுகளுக்குப் பின் இசை தானாக விலகிச் சற்று ஓய்வதும் நல்லது.

கதையோடு நேரடியாகப் பிணைந்தது பாத்திரத்துக்கு உரிய மெட்டு. இதை விதைக்காமலே அறுவடைக்குப் போகிறார்கள். ஐந்து நிமிடம் முன்பு அறிமுகமான ஒருவன் சாகிறான், வயலின்கள் கதறுகின்றன, ஆடுபவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மெட்டை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லையே! அவனோடு சும்மா பேசிக்கொண்டு நடந்த அமைதியான காட்சியில் அது மெல்ல வந்திருக்க வேண்டும். பிறகு மூன்று சுரம் கேட்டாலே போதும், தொண்டை அடைக்கும். டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) தொடக்கத்தில் அறிமுகமாகும் மெட்டைப் பின்னர் வெவ்வேறு இசைகளுக்குள் பொதிந்து தருவது இந்தக் கணக்கில்தான். மெட்டை ஒவ்வொரு முறையும் முழுசாக வாசிப்பது எதிர்ப்பக்கத் தவறு. ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ விளையாட்டில் டைனோசர் நண்பன் யோஷியின் முதுகில் ஏறியதும் இசையோடு போங்கோ ஒலி சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். நண்பன் கூட இருக்கிறான் என்பதைச் சொல்ல அது போதும்.

கதை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்றை அனுமதிக்கும்போது இசை பொய் சொல்ல வேண்டியிருக்கும். உலகம் இன்றிரவே அழியும் என்று இசை துடிக்கும்; ஆடுபவர் மூன்று நாளாக மீன் பிடித்துக்கொண்டிருப்பார். கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலான இப்படிப்பட்ட முரணைப் பற்றி 2007இல் ‘பயோஷாக்’ விளையாட்டை முன்வைத்து வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் எழுதினார். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) இந்த முரணுக்கு இடமே தரவில்லை. அங்கே 22 நிமிடத்தில் சூரியன் உண்மையிலேயே வெடிக்கிறது. முடிவு நெருங்கும்போது ஒரு குறிப்பிட்ட இசை எழும். எந்தக் கிரகத்தின் குகைக்குள் இருந்தாலும், நேரம் முடிந்தது என்று தெரிந்துவிடும். வெவ்வேறு இடங்களில் தனித்திருக்கும் பயணிகள் ஆளுக்கொரு வாத்தியத்தில் ஒரே மெட்டின் பகுதிகளை வாசிக்கிறார்கள். கையிலுள்ள, ஒலியைப் பிடிக்கும் கருவியைத் தொலைவிலிருந்து அவர்கள் பக்கம் திருப்பினால் எல்லாம் இணைந்து கேட்கும். அங்கே கதையையும் இசையையும் பிரிக்க முடியாது.

இசையமைப்பாளரைக் கடைசி மாதத்தில் அழைத்து, முடிந்த காட்சிகளைக் கையில் கொடுத்தால் இவற்றில் எதுவும் நடக்காது. கதை எழுதுபவர், நிரலாளர், இசையமைப்பாளர் மூவரும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார வேண்டும். ஆடுபவரின் செயலால் கதையில் என்னென்ன மாறும் என்று பட்டியலிட்டு, அவற்றுள் எதற்கெல்லாம் இசை செவிசாய்க்கும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சோதனை: புதியவர் ஒருவர் ஆடியதன் ஒலியை மட்டும் பதிவுசெய்து, திரையைப் பார்க்காமல் குழுவினர் கேட்கட்டும். கதை எங்கே திரும்பியது என்று காதால் மட்டும் சொல்ல முடியாத இடங்களைக் குறித்துவைத்து, திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.